முரசு முழங்கிய முப்பத்தேழு நிமிடங்கள்

"இனிக்கிறதா?" — இசையைப்பற்றி நாம் கேட்டுப் பழகிய கேள்வி இது ஒன்றுதான். இனித்தால் ஏற்போம், கசந்தால் தள்ளுவோம். விருந்துக்கு வந்தவன் பாயசத்தைப் பருகி, அப்பளத்தை நொறுக்கி, பாகற்காயை இலையோரத்திலே ஒதுக்கி வைப்பதுபோல, ஓர் இசைத்தொகுப்பிலே பிடித்த பாட்டைப் பொறுக்கிக்கொண்டு, மற்றதை ஒதுக்கிவிட்டு எழுந்துவிடுகிறோம். கைப்பேசியை விரலால் தீண்டினால் பாட்டு மாறும் இந்நாளில், ஒதுக்குவது இன்னும் எளிதாகிவிட்டது. எதன்பின் எது வருகிறது, ஏன் வருகிறது என்று கேட்பார் இல்லை.

பொழுதைப் போக்க அது போதும். ஆனால், வாதங்களை வரிசைப்படுத்தும் வழக்குரை போன்ற இசைத்தொகுப்புகள் சில உண்டு. அவற்றிலே முதலாவதை விட்டுவிட்டு மூன்றாவதைக் கேட்பது, குற்றப்பத்திரிகையைப் படிக்காமல் தீர்ப்பை மட்டும் படிப்பதற்கு ஒப்பாகும். தொடக்கம் முதல் முடிவுவரை, இடையிலே எழாமல், கேட்டே தீரவேண்டியவை அவை. அத்தகைய ஒன்றைப்பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். 1960-இல் அமெரிக்காவிலே பிறந்தது, வயது அறுபதைத் தாண்டிவிட்டது, முறுக்கோ தளரவில்லை. பெயர், 'வீ இன்சிஸ்ட்!' — வலியுறுத்துகிறோம்! அதன் துணைப்பெயர், மாக்ஸ் ரோச்சின் 'விடுதலை இப்போதே' இசைக்கோவை.

'ஆல்பம்' என்ற சொல்லுக்கே ஒரு கதை உண்டு. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய இசைத்தட்டு, ஒரு பக்கத்திலே மூன்று நான்கு நிமிடங்களே பாடும். நீண்ட இசைப் படைப்பை விற்க வேண்டுமானால், தட்டுகள் பலவற்றைப் புத்தகம்போன்ற அட்டைக்கட்டிலே செருகித் தருவார்கள். படங்களைச் சேர்த்து வைக்கும் ஏடுபோல் இருந்ததால் அதற்கும் ஆல்பம் என்றே பெயர் வந்தது. 1948-இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம், நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் நெடுநேர இசைத்தட்டை வெளியிட்டது. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடங்களுக்கு மேல் இடம் கிடைத்தது. மூன்று நிமிடத்திலே ஒரு காதலனின் ஏக்கத்தைச் சொல்லிவிடலாம். ஓர் இனத்தின் முந்நூறு ஆண்டு ஏக்கத்தைச் சொல்லி முடியுமா? இடம் கிடைத்தது; சொல்லத் துணிந்தவரும் கிடைத்தார்.

அவர் மாக்ஸ் ரோச். 1924-இல் பிறந்தவர். முரசுக் கலைஞர். 1940-களில் சார்லி பார்க்கர் போன்றாருடன் சேர்ந்து ஜாஸ் இசையின் போக்கையே மாற்றியவர்களுள் ஒருவர். அடிமைகளை விடுவிப்பதாக ஆபிரகாம் லிங்கன் 1863 ஜனவரி 1-ஆம் நாள் பறைசாற்றினாரல்லவா? அதன் நூற்றாண்டு விழா 1963-இல் வரவிருந்தது. அதற்கென ஒரு பெரும் படைப்பை, சிகாகோவைச் சேர்ந்த பாடலாசிரியர் ஆஸ்கர் பிரவுன் இளையவருடன் சேர்ந்து 1959-லேயே தொடங்கினார் ரோச். ஆனால், வரலாறு விழாநாள் வரையிலே காத்திருக்கவில்லை.

1960 பிப்ரவரி 1. வட கரோலினா மாநிலம், கிரீன்ஸ்பரோ நகரம். கறுப்பின மாணவர் நால்வர் ஒரு கடைக்குச் சென்றனர். அங்கே எழுதுபொருள் வாங்கலாம், பற்பசை வாங்கலாம், காசு கொடுத்தால் கறுப்பர் கையிலிருந்தும் வாங்கிக்கொள்வர். ஆனால், அதே கடையின் உணவுப் பலகைமுன் அமர்ந்து ஒரு கோப்பை காப்பி குடிக்கமுடியாது! நால்வரும் அமர்ந்தனர். 'உங்களுக்கு இல்லை' என்றனர். எழவில்லை. மறுநாள் இன்னும் பலர் வந்தனர். அடுத்த சில வாரங்களிலே தென்மாநிலங்கள் பலவற்றில் மாணவர்கள் இவ்வாறு அமர்ந்தனர். அவ்வாண்டு ஜூலைத் திங்களில் அந்தக் கடை பணிந்தது.

இந்த இசைத்தட்டின் உறையைக் கையிலெடுத்துப் பாருங்கள். பாடகியின் ஒய்யாரப் படம் இல்லை. பளபளக்கும் இசைக்கருவி இல்லை. உணவுப் பலகைமுன் அமர்ந்த கறுப்பின இளைஞர் மூவர் திரும்பி நம்மைப் பார்க்கின்றனர். பலகைக்கு அப்பால் வெள்ளைப் பணியாள். அவ்வளவுதான் படம். 'நாங்கள் அமர்ந்துவிட்டோம், நீ என்ன செய்யப்போகிறாய்?' என்று கேட்கும் பார்வை அது! 1957-இல் சென்னையிலே உணவுவிடுதிப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அழிக்கக் கோரி, பெரியாரின் தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்து சிறை புகுந்ததை அறிந்தவர்களுக்கு, இந்தப் பார்வையின் பொருளை விளக்கத் தேவையில்லை.

1960 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 6 — இரண்டே நாட்களில் நியூயார்க்கிலே பதிவு முடிந்தது. 'காண்டிட்' என்ற சிறு நிறுவனம். பொறுப்பேற்றவர் எழுத்தாளர் நாட் ஹென்டாஃப். ஐந்தே உருப்படிகள். முதல் பக்கத்தில் மூன்று, மறுபக்கத்தில் இரண்டு. ஐந்திலும் ஒலிப்பது ஒரு பெண்குரல் — அபி லிங்கன். 

ஊசி தட்டைத் தொடுகிறது. முதல் உருப்படி, 'டிரைவா மேன்'. அடிமைகளை மேய்த்த கங்காணியைப்பற்றிய பாட்டு. பக்கவாத்தியக் கூட்டம் ஏதுமின்றி, கஞ்சிரா போன்ற சிறு கருவியின் ஒலியோடு, அபி லிங்கன் தனியே தொடங்குகிறார். வேலைக்களத்திலே பிறந்த பாட்டின் சாயல். சாட்டையை மட்டுமல்ல, அடிமைப் பெண்ணின் உடலையும் தன் உடைமையாகக் கருதிய கயவனை அந்தப் பாட்டு கூண்டிலே ஏற்றுகிறது. பிறகு வாத்தியங்கள் சேர்கின்றன. ஐந்து எண்ணிக்கை கொண்ட தாளம். ஒவ்வொரு சுற்றின் முதல் அடியிலும் ரோச்சின் கோல் முரசின் விளிம்பிலே பாய்கிறது. 'சுளீர்!' சாட்டை! நான்கு எண்ணிக்கைக்குப் பழகிய செவி, அடுத்த அடி எப்போது விழும் என்று அறியாமல் தவிக்கிறது. அடி வாங்கியவனின் தவிப்பு அதுதானே!

அதிலே ஒரு செய்தி உண்டு. சாக்சபோன் வாசித்தவர் கோல்மன் ஹாக்கின்ஸ். 1904-இல் பிறந்த முதுபெரும் கலைஞர். வாசிக்கையில் ஓரிடத்தில் ஒலி பிசிறிவிட்டது. வெட்டி ஒட்டிச் சரிசெய்யலாம் என்றபோது, வேண்டாம் என்று தடுத்துவிட்டார் அவர். இத்தகைய படைப்பிலே எல்லாம் பழுதற்று இருந்தால் அதுவே பெரும் பழுது என்பது அவர் கருத்து. அடிபட்டவன் அழுகையிலே சுருதி பார்ப்பது யார்? பார்த்தவர் உண்டு, அவர்கள் கதைக்குப் பின்னர் வருகிறேன்.

இரண்டாவது, 'ஃபிரீடம் டே' — விடுதலை நாள். 'ஆகா, இங்கே மகிழ்ச்சி பொங்கும்' என்று எதிர்பார்ப்பீர்கள். பொங்கவில்லை! தாளம் தலைதெறிக்க ஓடுகிறது. குரலோ தயங்கித் தயங்கி அதன்மேல் ஏறிச் செல்கிறது. விடுதலை வந்துவிட்டதாமே, மெய்தானா என்று காதோடு காதாகப் பேசுவோரின் பரபரப்பு அது. வாக்குரிமை வரும், உழைப்புக்குக் கூலி வரும் என்ற நம்பிக்கை ஒருபுறம். ஏமாற்றிவிடுவார்களோ என்ற அச்சம் மறுபுறம். அந்த அச்சம் பொய்யாகவில்லை. 1863-இல் விடுதலைப் பிரகடனம். தென்மாநிலங்களிலே கறுப்பர் தடையின்றி வாக்களிக்க வகைசெய்யும் சட்டம் வந்ததோ 1965-இல்! நூற்றிரண்டு ஆண்டுகள்! பிரகடனம் காகிதத்தில் இருந்தது. கங்காணியோ களத்திலே இருந்தான். இந்த ஒரு பாட்டை மட்டும் தனியே பிடுங்கிக் கேட்பவன், துள்ளலான ஜாஸ் என்று தாளம் போடுவான். சாட்டையொலியைக் கேட்டுவிட்டு இதற்கு வருபவனுக்கே, ஓடும் தாளத்துக்குள் ஒளிந்திருக்கும் நடுக்கம் தெரியும்.

மூன்றாவதுதான் இந்தப் படைப்பின் நெஞ்சம். எட்டு நிமிடங்கள். ஒரு முரசு, ஒரு குரல், வேறு எவரும் இல்லை. சொற்களும் இல்லை! மூன்று பகுதிகள்: வேண்டுதல், எதிர்ப்பு, அமைதி.

"பகுத்தறிவு ஏட்டிலே வேண்டுதலைப் போற்றும் பாட்டா?" என்று கேட்பான் எதற்கும் அவசரப்படும் தோழன். பொறு, தம்பி! கறுப்பின மக்களின் போராட்டத்திலே தேவாலயங்களுக்கும் பாதிரிமார்களுக்கும் பெரும்பங்கு உண்டு. மார்ட்டின் லூதர் கிங் பாதிரியார்தாம். உள்ளதை மறைத்துப் பேசுவது பகுத்தறிவு ஆகாது. ஆனால், இந்தப் படைப்பு அந்த வேண்டுதலை எங்கே வைக்கிறது என்று பார். அபி லிங்கனின் குரல் மெல்ல எழுகிறது, தேய்கிறது, மீண்டும் எழுகிறது. கெஞ்சுகிறது என்று தெரிகிறது. யாரிடம் கெஞ்சுகிறது என்பது தெரியவில்லை. எந்தத் தெய்வத்தின் பெயரும் அதிலே இல்லை. முரசு பதில் சொல்கிறதே தவிர, வானம் பதில் சொல்லவில்லை. கேட்டுக் கேட்டு, பதில் வராத நிலையில் — வெடிக்கிறது குரல்!

எதிர்ப்பு. ஒரு நிமிடத்துக்கும் மேலாக அந்தப் பெண் அலறுகிறார். பாட்டல்ல; பண்ணல்ல; வெறும் அலறல். ரோச்சின் முரசு இடியென அதனோடு மோதுகிறது. முதன்முறை கேட்பவருக்கு ஒலியைக் குறைக்கத் தோன்றும். எழுந்துபோய் நிறுத்திவிடவும் தோன்றும். 'இது இசையா?' என்று முகம் சுளிக்கவும் தோன்றும். சுளிக்கட்டும்! முந்நூறு ஆண்டு கொடுமையைத் தாலாட்டுப் பாடியா சொல்வது? விற்பனை மேடையிலே பிள்ளையைப் பிரிந்த தாய், மோகனமாகவா அழுதாள்?

அதன்பிறகே அமைதி. அதுவும் 'எல்லாம் நன்மைக்கே' என்று கண்மூடும் அமைதியன்று. தன்னை நிலைநாட்டச் செய்யக்கூடியதனைத்தையும் செய்து முடித்தவனுக்கு வரும் களைப்பின் ஓய்வு என்று அதற்குப் பொருள் சொன்னார் ரோச். வரிசையை மீண்டும் எண்ணிப் பாருங்கள்: வேண்டுதல், எதிர்ப்பு, அமைதி. வேண்டுதலிலிருந்து நேரே அமைதிக்குப் போகலாம் என்று உலகெங்கும் ஆதிக்கக்காரர் உபதேசம் செய்வர். அடிமை வேண்டிக்கொண்டே இருக்கட்டும், ஆண்டை அமைதியாக இருக்கலாம் என்பது அதன் பொருள். நடுவிலே எதிர்ப்பு என்ற படி உண்டு, அதை மிதிக்காமல் மேலே ஏறமுடியாது என்று, ஒரு சொல்கூடப் பேசாமல் மெய்ப்பிக்கின்றனர் இவ்விருவரும். 'அமைதி'ப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்து உறங்கும்முன் கேட்பவனுக்கு உறக்கம் கிடைக்கலாம், உண்மை கிடைக்காது.

முதல் பக்கம் முடிந்தது. எழுந்து தட்டைத் திருப்பிப் போட வேண்டும். அந்தச் சிறு வேலைக்குக்கூட இங்கே பொருள் இருக்கிறது. முதல் பக்கம் முழுதும் அமெரிக்க மண். மறுபக்கம் முழுதும் ஆப்பிரிக்க மண். கப்பலின் அடித்தட்டிலே சங்கிலியோடு கொண்டுவரப்பட்ட இனம், தட்டைத் திருப்பிப் போட்டதும், கடல் கடந்து தாய்மண்ணுக்குத் திரும்புகிறது.

'ஆல் ஆப்பிரிக்கா' என்ற நான்காவது உருப்படியிலே, அபி லிங்கன் ஆப்பிரிக்க இனங்களின் பெயர்களை ஒவ்வொன்றாக அழைக்கிறார். நைஜீரியாவிலே பிறந்த முரசுக் கலைஞர் ஒலாதுஞ்சி, விடுதலையைப்பற்றிய முதுமொழிகளால் பதிலிறுக்கிறார். பெரும்பாலும் தம் யொரூபா மொழியிலே. பின்னர் முரசுகளின் பெருக்கு. அடிமைச் சந்தையிலே ஆளுக்கொரு பெயர் சூட்டி, இனத்தின் பெயரை அழித்தனர் வெள்ளையர். அழித்த பெயர்களை இங்கே மீண்டும் பட்டியலிட்டு வருகைப்பதிவு எடுக்கிறாள் ஒரு பெண்! 1960 என்ற ஆண்டையும் நினைவில் கொள்ளுங்கள். ஆப்பிரிக்காவிலே பதினேழு நாடுகள் விடுதலை பெற்ற ஆண்டு அது. பதிவு முடிந்த சில வாரங்களில், அக்டோபர் 1 அன்று, ஒலாதுஞ்சியின் நைஜீரியாவும் விடுதலை பெற்றது.

வெற்றி விழாவோடு முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. ஐந்தாவது உருப்படி, 'டியர்ஸ் ஃபார் ஜோகன்னஸ்பர்க்' — ஜோகன்னஸ்பர்க்குக்காகச் சிந்தும் கண்ணீர். 1960 மார்ச் 21. தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில்லில், கறுப்பர் எங்கே சென்றாலும் அனுமதிச்சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற இழிசட்டத்தை எதிர்த்துத் திரண்ட மக்கள்மீது காவல்துறை சுட்டது. அறுபத்தொன்பது பேர் பிணமாயினர். பலருக்குக் குண்டு பாய்ந்தது முதுகிலே! அந்த இரத்தம் காய்ந்து ஆறு திங்கள்கூட ஆகுமுன் உருவான இசை இது. இதிலும் சொல் இல்லை. அபி லிங்கனின் முனகல் மட்டும். புக்கர் லிட்டில் என்ற இளைஞரின் டிரம்பெட் அந்த முனகலை ஏந்திக்கொண்டு எழுகிறது. அடுத்த ஆண்டே, இருபத்து மூன்றாம் வயதில், நோயால் மறைந்தார் அவர். தாளத்தைக் கவனியுங்கள்: மீண்டும் அதே ஐந்து எண்ணிக்கை! கங்காணியின் சாட்டை விழுந்த தாளம், இங்கே துப்பாக்கி வெடித்த மண்ணுக்கு வந்து சேர்கிறது. கண்டம் வேறு, காலம் வேறு, கருவி வேறு, கொடுமை ஒன்றே. முதலாவதைக் கேட்காதவனுக்கு இந்த ஒற்றுமை எப்படிப் புரியும்? முழுதும் கேள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

தென்னாப்பிரிக்க வெள்ளையர் அரசு இந்த இசைத்தட்டைத் தடை செய்தது. ஒரு முரசையும் ஒரு பெண்ணின் குரலையும் கண்டு அஞ்சிய அரசு, எவ்வளவு பீரங்கி வைத்திருந்து என்ன பயன்!

குறையே இல்லையா? உண்டு. நான்காவது உருப்படியில் வரும் முதுமொழிகள், யொரூபா அறியாத கேட்போருக்கு வெறும் ஒலியாகவே நின்றுவிடுகின்றன. நடுவிலே முரசுப் பகுதி சற்றே நீள்கிறது. மற்றொன்று, இதைவிடப் பெரிது. தலைப்பிலே இருப்பது மாக்ஸ் ரோச்சின் பெயர் மட்டும். ஐந்து உருப்படிகளையும் ஒரே நூலாகக் கோத்தவள் அபி லிங்கன். கெஞ்சியவளும் அவள், அலறியவளும் அவள், இனங்களின் பெயரைச் சொல்லி அழைத்தவளும் அவள். பெண்ணின் உழைப்பு, ஆணின் பெயரிலே பதிவாகும் வழக்கம் விடுதலை முழக்கமிட்ட உறையிலும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

அந்தப் பெண்ணின் கதை தனியே எழுதத் தக்கது. அன்னா மேரி என்பது பெற்றோர் இட்ட பெயர். ஆபிரகாம் லிங்கனை நினைவூட்டும் மேடைப் பெயர் பின்னர் வந்தது. தொடக்கத்தில் இரவு விடுதிகளிலே கவர்ச்சிப் பாடகியாகவே அவரை நிறுத்தினர். 1956-இல் வந்த திரைப்படம் ஒன்றில், மர்லின் மன்றோ முன்பு அணிந்திருந்த உடையை அவருக்கு உடுத்திப் பாடவைத்தனர். அந்த உடையைப் பிறகு நெருப்பிலே போட்டுவிட்டார் அவர்! கண்ணுக்கு விருந்தாக நின்றவள், காதுக்கு நெருப்பாக மாறினாள். மாறியதும் என்ன நடந்தது? 1961-இல் அவர் வெளியிட்ட இசைத்தட்டை, 'டவுன்பீட்' என்ற ஜாஸ் ஏட்டில் ஐரா கிட்லர் என்ற விமர்சகர் தாக்கி எழுதினார். கறுப்பினத்தவள் என்பதையே தொழிலாக்கிக்கொண்டாள் என்று சாடினார். பிரச்சாரம் என்றார். சுருதி சேரவில்லை என்றார். 1962-இல் அதே ஏடு கூட்டிய விவாதத்திலே, லிங்கனும் ரோச்சும் நேருக்கு நேர் அமர்ந்து பதில் கூறினர். அதற்குப்பின் 1973 வரையிலே அவர் பெயரில் புதிய இசைத்தட்டு எதுவும் வரவில்லை.

பிரச்சாரம்! எவ்வளவு பழகிய சொல் நமக்கு! சீர்திருத்த நாடகம் எழுதினால் பிரச்சாரம். சாதியைச் சாடிக் கவிதை எழுதினால் பிரச்சாரம். விதவையின் கண்ணீரைக் கதையாக்கினால் பிரச்சாரம். மன்னனைப் புகழ்ந்து பாடினால், மாடமாளிகையை வருணித்தால், அது மட்டும் தூய கலை! கலையின் தரத்தை எடை போடலாம், போடத்தான் வேண்டும். இசை சொன்ன செய்தி உயர்ந்தது என்பதற்காக மட்டும் இசையை உயர்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். நல்ல கொள்கையைக் கொண்ட கெட்ட பாட்டுகள் ஏராளம். நம் மேடைகளிலேயே கேட்டிருக்கிறோம். இந்தப் படைப்பிலோ, கொள்கை உறையிலே ஒட்டிய விளம்பரச் சீட்டாக நிற்கவில்லை. தாளத்தின் எண்ணிக்கையிலே இருக்கிறது. உருப்படிகளின் வரிசையிலே இருக்கிறது. வெட்டி எறியாத பிசிறிலே இருக்கிறது. தட்டின் இரண்டு பக்கங்களிலே இருக்கிறது. கொள்கையை எடுத்துவிட்டால் இசையும் போய்விடும்; இசையை எடுத்துவிட்டால் கொள்கைக்கு நாவில்லை. பிரச்சாரம் என்ற ஏளனத்துக்கு இதைவிடச் சரியான மறுமொழி வேறு எது?

2022-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், காலமெல்லாம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலிலே இதனைச் சேர்த்தது. அன்று ஏளனம், இன்று அரியணை. நன்று. ஆனால், பாராட்டிப் பெட்டகத்திலே பூட்டிவிடுவதும் ஒருவகையில் ஒதுக்குவதே. பூட்டி வைக்கப் பிறந்ததல்ல இது, கேட்கப் பிறந்தது.

ஆகவே, தோழர்களே, முப்பத்தேழு நிமிடங்கள் ஒதுக்குங்கள். நான்கைந்து பேராகக் கூடி அமருங்கள். கைப்பேசியிலே கேட்பதாயின், வரிசையைக் குலைக்காதீர்கள். இனிக்கும் இடத்தைத் தேடி ஓடாதீர்கள். கசக்கும் இடத்திலே காதை மூடாதீர்கள். அந்த அலறல் வரும்போது, ஒலியைக் குறைக்க யாருடைய கை முதலில் நீள்கிறது என்று கவனியுங்கள். முடிந்ததும் அந்தத் தோழனோடு பேசத் தொடங்குங்கள்.